உதடு

தறிக்கூடத்தில் காது எதற்கும் உதவாது.
முந்நூறு தறி சேர்ந்து அடிக்கிற இடத்தில்
இழை அறுந்ததையும், மேஸ்திரி வருவதையும்,
ரோஸ்மேரிக்கு நாள் தள்ளிப்போனதையும்
உதட்டில்தான் சொல்லிக்கொண்டோம்.
நான் கோன் பிரிவு. தேசிங்கு நூற்றுப்பதினாலாம் தறி.
நடுவில் கம்பிவலை, பஞ்சுத் தூசி, நாற்பதடி.
அவன் பேசியது ஒன்றும் எனக்குத் தப்பியதில்லை.

கேட் கூட்டத்தில் அவனுக்கு மைக் வேண்டாம்.
கடலூர் ரோட்டில் போகிற பஸ் வேகம் குறைத்துக் கேட்கும்.
சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்கள்
(பாதிப் பேருக்கு அப்பன் எங்கள் மில்லில்)
லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார்கள்.
பெண்களுக்குக் கக்கூஸ் கேட்டுப்
பதினோரு நாள் பட்டினி கிடந்தான்.
பன்னிரண்டாம் நாள் செங்கல் வந்து இறங்கியது.
கதவு வர இன்னும் ஒரு வருஷம் ஆனது,
அது வேறு கதை.

வேலையை விட்டு நிறுத்தினார்கள்.
பெண்டாட்டி தனகோடி ரயில்வே கேட்டோரம் இட்லி விற்றாள்.
அடுத்த தேர்தலில் சுயேச்சை. சீப்புச் சின்னம்.
வழுக்கைத் தலையனுக்குச் சீப்பா என்று
மற்றவர்கள் மேடைக்கு மேடை சிரித்ததே
பாதி ஓட்டைக் கொண்டுவந்து சேர்த்தது.
ஐம்பத்தாறு வித்தியாசம்.
முதலியார்பேட்டையில் ஐம்பத்தாறு என்பது
ஒரு சந்து, ஒரு கல்யாண வீடு.

முதல் கூட்டத்துக்கு எட்டுப் பேர் பாஸ் வாங்கிப் போனோம்.
செருப்பைக் கழற்றணுமா என்று யாரைக் கேட்பது?
கையில் பிடித்தபடி மாடத்தில் உட்கார்ந்திருந்தோம்.
தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.
'மைக் இருக்கிறது, உறுப்பினர் மெதுவாகப் பேசலாம்'
என்றார் சபாநாயகர். சபை சிரித்தது.
'மெதுவாப் பேசினா ஏழு மாசச் சம்பளம் வருமா?'
மைக்கை அணைத்தார்கள்.
எங்களுக்கு அப்போதுதான் சுலபமாயிற்று.
அதற்குப் பிறகு அவன் பேசியது முழுக்க
மாடத்தில் எட்டுப் பேருக்கும் கேட்டது.
அவைக்குறிப்பில் அந்த இடத்தில் வெறும் புள்ளிகளாம்.
இருக்கட்டும்.
என்னிடம் கேளுங்கள், ஒப்பிக்கிறேன்.

இரண்டாம் தடவை கட்சி சீட்டுக் கொடுத்தது.
வாரியம், வெள்ளைக் கார்,
காருக்குள் பெட்டி தூக்க ஒரு பையன்.
உள்ளதைச் சொல்லணும்:
வாய்க்காலுக்குச் சுவர் வந்தது.
விதவைப் பென்ஷனுக்கு எவளையும்
இரண்டாம் முறை நடக்கவிட்டதில்லை.
குரல் மட்டும் இறங்கி இறங்கி
மைக்குக்குச் சரியான அளவுக்கு வந்துவிட்டது.

மில்லை மூடுகிற பேச்சு வந்த அன்று
மூன்று பேர்தான் போனோம்.
மந்திரி அவன் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார்.
தேசிங்கு மேலே பார்த்தான், ஒரே தரம்.
பிறகு மேசையிலிருந்த காகிதத்தை எடுத்து
வாயை மறைத்துக்கொண்டு பதில் சொன்னான்.

அந்தச் சபையில் உதடு படிக்கத் தெரிந்தவர்கள்
நாங்கள் மூன்று பேர்தான்.

சங்கு ஊதுவது நின்று பதினாலு வருஷம்.
போன செவ்வாய் ஜிப்மரில், காது மூக்கு தொண்டை,
பக்கத்து நாற்காலியில் அவன்.
'மதலேன், உனக்கு எந்தக் காது?'
வராந்தாவே திரும்பிப் பார்த்தது.
கேளாதவன் பேச்சுக்கு அளவில்லை அல்லவா,
கேட் கூட்டத்துக் குரல் அப்படியே திரும்பியிருந்தது.

இரண்டும், என்று விரலைக் காட்டினேன்.
பிறகு மூச்சுகூட விடாமல்
உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன்:
அன்னிக்கு அந்தாளுகிட்ட என்ன சொன்னே?

கண் என் வாயில்தான் இருந்தது. படித்துவிட்டான்.
கை மெல்ல எழுந்து அவன் வாய்க்குப் போனது.
இருமல்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் இரண்டு நம்பரையும்
எப்போதோ கூப்பிட்டிருக்கிறார்கள்.
நர்ஸ் வந்து தோளைத் தட்டியபோதுதான் தெரிந்தது.